பதினேழாவது வடை

எங்கள் கிராமியப் பாடகர் சங்கத்தில் இப்போது இளம் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் நான்கு பேர் வீட்டுக்கு வந்து, சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: 'என் வெற்றியின் ரகசியம்'. நான் எட்டாவது வரைதான் படித்தவள். ரகசியம் என்றால் வெளியே சொல்லக் கூடாதது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் தலைப்பை மாற்றிவிட்டேன்.

நானே எழுதி, நானே மெட்டுக் கட்டிப் பாடிய பாட்டுகள் இருநூறுக்கு மேல் இருக்கும். அண்ணாமலையார் மேல் மட்டும் நாற்பது. கிரிவலம் போகிறவர்கள் களைப்புத் தெரியாமல் நடக்க வேண்டும் என்று, கால் வைக்கிற வேகத்துக்குத் தாளம் பார்த்துப் பார்த்து எழுதியவை. என்னைத் தவிர அவை யாருக்கும் மனப்பாடம் இல்லை, அண்ணாமலையாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான்கு மாவட்டத்து ஜனங்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது ஒரு அம்மாள் கல்யாண வீட்டில் வடை திருடிய பாட்டை. அந்தப் பிள்ளைகள் வெற்றி என்று சொன்னதும் அதைத்தான்.

பாட்டுக் கற்ற கதையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். அடி அண்ணாமலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நடவுக்குப் போன இடத்தில் பாடினேன், களையெடுக்கப் போன இடத்தில் பாட்டுக் கட்டினேன். பாடினால் கை வேகமாக நடக்கிறது என்பதால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு கல்யாண வீடுகளில் நலங்குக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். குரு, குருதட்சணை ஒன்றும் கிடையாது.

இன்றைய பிள்ளைகளுக்காக நலங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாலி கட்டிப் பந்தி முடிந்த பிற்பாடு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பாயில் எதிரெதிரே உட்கார வைத்து மஞ்சள் பூசி, தேங்காய் உருட்டி விளையாட விடுவோம். அப்போது பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையின் அம்மாவைக் கிண்டல் செய்து பாட வேண்டும். பாடாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. பாட்டில் பெயருக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கும். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தியின் பெயரை அதில் வைத்துக்கொள்வோம். ஒரு நியாயமும் உண்டு, இல்லாததைத்தான் சொல்ல வேண்டும். கறுப்பானவளைக் கறுப்பு என்று பாடினால் அது கிண்டல் இல்லை, கோள். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா எழுந்து வந்து பாடினவள் கையில் வெற்றிலை பாக்கு வைப்பாள். வைத்துவிட்டால் சொன்னதெல்லாம் அந்தப் பாயோடு போயிற்று. மறுநாள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

எண்பத்தொன்பதில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியை ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெயர் ராசாமணி. இளம் வயதிலேயே புருஷனை இழந்து, நிலத்தைத் தனியாளாக உழுது, ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்தவள். நிமிர்ந்த நடை, அளந்த பேச்சு. சாப்பாடும் அளந்துதான். ஒரு இட்லியை நான்காகப் பிட்டு, மூன்றைத் தின்பாள். அதனால் அவளுக்கென்று இப்படிக் கட்டினேன்:

பந்தியில குந்தினாளாம் ராசாமணி
பரிமாற ஆளு தேடும் ராசாமணி
பதினாறு வடையத் தின்னு பசிக்குதுன்னு சொன்னாளாம்
பதினேழாம் வடையத்தானே முந்தானையில முடிஞ்சாளாம்

கூட்டம் பாயில் புரண்டு சிரித்தது. ராசாமணியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கையில் வெற்றிலை பாக்கு வைத்தாள். எல்லாம் முறைப்படி முடிந்தது.

அந்தக் காலத்தில் திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் மாடியில் இரண்டு அறை எடுத்து, சுந்தரேசன் மாஸ்டர் என்பவர் கேசட் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளியும் அவர்தான், ஆர்மோனியமும் அவர்தான், டேப் மிஷினை ஓட்டுகிறவரும் அவர்தான். என் கிரிவலப் பாட்டுகளை அவர் கேசட்டாகப் போடுவதாகச் சொன்னபோது, நான் பிறவிப் பயனை அடைந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒலிப்பதிவு மதியம் ஒன்றுக்குத் தொடங்கி மூன்றரைக்குள் முடிந்தாக வேண்டும். கோயில் நடை சாத்தியிருக்கிற நேரம் அது, மணிச் சத்தம் வராது. ஜன்னலுக்கு மெத்தை கட்டுவார். மின்விசிறியை நிறுத்துவார். லாட்ஜ் தண்ணீர் மோட்டாரை நிறுத்தக் கீழே சொல்லி அனுப்புவார். பேருந்து ஹாரனை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மைக் ஒன்றே ஒன்று. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பெயர் எழுதியிருப்பார். என் கோட்டில் நான், ஒன்றரை முழம் பின்னால் கூடப் பாடுகிற இரண்டு பெண்கள், மூலையில் டோலக். பம்பைக்காரர் அறைக்குள்ளேயே கிடையாது, மாடிப்படியில் ஐந்தாவது படியில் நிற்பார். யாருடைய சத்தம் ஜாஸ்தியோ அவரை ஒரு படி கீழே இறக்குவார், கம்மியானால் ஒரு படி மேலே ஏற்றுவார். நான் உச்சத்துக்குப் போகும் அடி வந்தால் கண்ணைக் காட்டுவார், நான் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

யாரையும் ஒருமையில் பேசமாட்டார். திட்டும்போதும் 'ங்க' போடுவார். உயிரைக் கொடுத்துப் பாடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்போம். "நல்லா இருந்துதுங்க. இப்போ பாடுங்க" என்பார். உண்மையிலேயே நன்றாக இருந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். துண்டை எடுத்து ஆர்மோனியத்தைத் துடைப்பார். நான் அவரிடம் பாடிய பதினாறு வருடத்தில் அவர் துடைத்ததை ஐந்து முறை பார்த்திருக்கிறேன்.

முதல் கேசட்டின் கடைசிப் பாட்டு முடிந்தபோது மூன்றே கால் ஆகிவிட்டது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பி பக்கம் கடைசியில நாலு நிமிஷம் காலியா இருக்குதுங்க. எதனா ஒண்ணு பாடுங்க."

"நலங்குப் பாட்டு ஒண்ணு இருக்குது மாஸ்டர். ஆனா அதுல ஆளோட பேரு வைக்கணும்."

"எதனா ஒரு பேரை வையுங்க."

எதிரே சம்பந்தி இல்லை, பாய் இல்லை, ஒரு சுவரும் மெத்தையும்தான். என் வாய் பழகிய தடத்திலேயே போயிற்று. கல்யாணம் முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. ராசாமணி என்றே பாடிவிட்டேன். நான்கு நிமிடமும் ஒரு பேருந்துகூட ஹாரன் அடிக்கவில்லை. மாஸ்டர் துண்டை எடுத்து ஆர்மோனியத்தைத் துடைத்தார்.

"மாஸ்டர், நிஜமான ஆளோட பேரு வந்துடுச்சு. மாத்திப் பாடிடறேன்" என்றேன்.

"ஹாரன் விழாத டேக்குங்க இது. சாமி குடுத்தது. இதைத் தொட்டாப் பாவம்."

சொல்லி முடிக்கவும் கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நான் நாளைக்கு வந்து மாற்றிப் பாடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவர் துடைத்ததைப் பார்த்த சந்தோஷம், அதுதான் உண்மை. நன்றாகப் பாடியிருந்தேன், அது எனக்கே தெரிந்தது, அதை அழிக்க மனம் வரவில்லை. பழியை மாஸ்டர் மேல் போடலாம் என்று வெகு நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை.

கேசட் வெளிவந்தது. அட்டையில் மலை, தீபம், கைகூப்பியபடி நான். பக்திப் பாட்டு ஒன்பதையும் ஜனங்கள் வேகமாக ஓடவிட்டு, பி பக்கத்துக் கடைசிக்குப் போனார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எங்கே மைக் செட் கட்டினாலும் ராசாமணி பந்தியில் குந்தினாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகிக்கொண்டே போன வருடங்கள் அவை. பாதை நெடுகக் கேசட் கடைகள். ஈசான்ய லிங்கத்தில் ஒரு தரமும் நிருதி லிங்கத்தில் ஒரு தரமும் அவள் வடை திருடுவதைக் கேட்டபடி பக்தர்கள் வலம் வந்தார்கள். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, கண்ணை மூடிச் சம்மணமிட்டு அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அட்டையைப் பார்த்து வாங்கியிருப்பார். மனசு லேசானதாக அவர் சொன்னாராம். நான் மறுக்கவில்லை.

எனக்கு மேடை மேல் மேடை. மாலை, பொன்னாடை, பட்டம். 'நலங்கு நாயகி' என்று ஒரு ஊரில் போஸ்டரே ஒட்டினார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

எட்டு வருடம் கழித்து ஒரு காலையில் ராசாமணி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது, நிமிர்வு அப்படியே இருந்தது.

"குந்துங்க அக்கா" என்றேன். குந்தவில்லை.

"அன்னிக்கு உங்கையில வெத்தலை பாக்கு வச்சேனா இல்லையா?"

"வச்சீங்க."

"வச்சதோட அது முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுதுக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குடி டேப்புல பாடினே?"

பாட்டுக் கட்டுகிறவளுக்கு வார்த்தைக்குப் பஞ்சமாகிப் போனது அன்றைக்குத்தான்.

"எனக்காக வரலை" என்றாள். "பசங்க வாசல்ல நின்னு வடை வடைன்னு கத்துதுங்க, நான் காதுல போட்டுக்கறதில்ல. எம் பொண்ணு செல்வி, டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சுட்டு வூட்டுலயே இருக்குது. மூணு இடம் வந்துச்சு. மூணு பேரும் பொண்ணைப் பாத்தாங்க, பஜ்ஜி தின்னாங்க, எம் பேரைக் கேட்டாங்க, போனாங்க. ஒருத்தரும் தகவல் சொல்லலை. நாலாவது இடம் வர்றதுக்குள்ள எம் பேரை அதுலருந்து எடுத்துடு. எங்குழந்தை வாழ்க்கைடி அது."

அவள் கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசி வாக்கியத்தைக் கெஞ்சலாகச் சொன்னாள். ராசாமணி கெஞ்சி நான் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருடமாக வாங்கிய பொன்னாடை எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடந்து நாறட்டும் என்று தோன்றியது.

மாஸ்டரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எந்தப் பேரை வச்சாலும் அந்தப் பேர்ல ஒரு அம்மா எங்கயாவது இருப்பாங்களேங்க."

இரண்டு பேரும் உட்கார்ந்து, உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் வைத்திருக்க முடியாத ஒரு பெயரைத் தேடி, கிண்ணாரம்மா என்று முடிவு செய்தோம். மறுபடி மெத்தை, மறுபடி சாக்கட்டிக் கோடு, மறுபடி படியில் பம்பை. திருத்திய கேசட்டைக் கடைகளுக்கு அனுப்பினோம். ஒரு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று கேட்கக் கிரிவலப் பாதைக் கடைக்காரர் ஒருவரிடம் நானே போனேன்.

"இது டூப்ளிகேட்டும்மா" என்றார். "ஒரிஜினல்ல ராசாமணின்னுதானே வரும்? எவளோ உன்னாட்டமே பாடி ஏமாத்தறா. போலீஸ்ல சொல்லு."

இதற்குள் நாலாவது இடம் வந்துவிட்டது. செங்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பம், பையன் பால் சொசைட்டியில் வேலை. வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்ததாம். ஆனால் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியும் தகவல் இல்லை. ராசாமணியிடம் சொல்லாமல் நான் பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளையின் அம்மா கோகிலா, என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டிப்போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். ராசாமணி வடையே தொடமாட்டாள், முந்தானையில் எதையும் முடிந்தவள் இல்லை, அத்தனையும் என் கற்பனை, என் பிள்ளைகள் மேல் சத்தியம்.

கோகிலா கடைசி வரை கேட்டாள். "தின்னா இன்னாங்க? கல்யாண வூட்டுல வடை போடறது தின்றதுக்குத்தானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ ஏங்க தகவல் சொல்லாம இருக்கீங்க?"

அவள் தயங்கினாள். வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்களாலதாங்க."

"என்னாலயா?"

"பொண்ணு தங்கமாட்டம் இருக்குது. அந்தம்மாவும் நல்ல மாதிரி. ஆனா கல்யாணம்னா நலங்கு வைப்பாங்க. நலங்குன்னா நீங்க வருவீங்க. பொண்ணு வூட்டுக்காரங்க யாரைப் பாடுவாங்க? என்னைத்தானே? நாளைக்கு எம் பேரு டேப்புல வந்துச்சுன்னா நான் எங்கங்க போய் மூஞ்சிய வச்சிக்கிறது? எங்க தெருவுல இப்பவே ஒருத்தி கேக்கறா, உனக்கு வடையா போண்டாவான்னு. முன்னாடி வந்த மூணு இடமும் இதுக்குத்தான் ஓடிப் போச்சுன்னு தரகர் சொன்னாரு."

தன் பெயர் கெட்டதால்தான் பெண் கல்யாணமாகாமல் நிற்கிறாள் என்று ராசாமணி நினைத்தாள், நானும் நினைத்தேன். ராசாமணியின் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. ஜனங்கள் பயந்தது என் பெயருக்கு. நான்கு மாவட்டத்தில் பத்திரிகை வைத்து அழைக்கப்படுகிற நான், ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நான் கல்யாணத்துக்கே வரலைங்க. உங்க பேரு எந்தக் காலத்துலயும் எம் பாட்டுல வராது" என்றேன்.

"மலையைப் பாத்துச் சொல்லுங்க."

அவள் வீட்டு வாசலில் நின்றால் தூரத்தில் அண்ணாமலையின் பின்பக்கம் தெரிந்தது. அதைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். அந்த வாரமே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ராசாமணியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ மூணு பேரும் ஓடினது உம் பேரைக் கேட்டா?"

"ஆமாக்கா."

"நான் வருஷக்கணக்கா எம் பேரைத் திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தன்று நான் வீட்டு வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தேன். போகவில்லையா என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாதசுரம் கேட்டது, பிறகு கெட்டிமேளம், பிறகு பந்திச் சத்தம். குழாய் ஸ்பீக்கர் எங்கள் ஊரைப் பார்த்தே கட்டியிருந்ததால் யார் இலைக்குச் சாம்பார் கேட்கிறார்கள் என்பதுவரை கேட்டது. செல்வி கல்யாணத்துக்கு நான் போக முடியாதது எனக்கு வலித்தது. எந்த ஊர் மேடையும் அன்றைக்கு அதற்கு ஆறுதல் இல்லை.

பிற்பகல் நலங்கு தொடங்கியது. பெண்கள் யாரும் பாட முன்வரவில்லை போலிருக்கிறது, நீ பாடு நீ பாடு என்று மைக்கைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பெண்ணைப் பெற்றவள் நலங்கில் வாய் திறப்பது வழக்கமில்லை. ஆனால் அது ராசாமணியின் குரல். தடித்த, ஆண்பிள்ளைத்தனமான, சுருதிக்கு அடங்காத குரல்.

பந்தியில குந்தினாளாம் பச்சையம்மா

என் கையிலிருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. பச்சையம்மாள் என் பெயர்.

பதினாறு வடையத் தின்றேன். பதினேழாவதை முந்தானையில் முடிந்தேன். என் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், சாத்திய கதவுக்குள்ளும் கேட்டது. இந்த ஒரு நிமிடமே எனக்குத் தாங்கவில்லை. அவள் இதை எட்டு ஒன்பது வருடம், ஊர் ஊராகக் கேட்டிருக்கிறாள். அழுகை வந்தது. அப்போதுதான் அவள் இரண்டாவது சரணத்துக்கு வந்தாள். அது என் பாட்டில் இல்லாத அடி, அவளே கட்டியது.

இலை வடை எல்லாம் தீர்ந்து ஏமாந்து நின்னாளாம்
கருகின வடைன்னு சொல்லி கைமைக்கைக் கடிச்சாளாம்

அங்கே பந்தலே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். கோகிலாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது, பயம் தெளிந்தவளின் சிரிப்பு. நான் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்து நின்று, பாட்டு முடிகிறவரை கேட்டேன். தாளத்தை இரண்டு இடத்தில் விட்டாள். ஆனால் மைக்கைக் கடித்த அந்த அடி இருக்கிறதே, அந்தப் பாட்டில் நான் எழுதிய எந்த அடியும் அதன் பக்கத்தில் நிற்காது. அதன் பிறகு ஏழு வருடம் மேடை ஏறினேன். அந்தப் பாட்டைக் கேட்காமல் எந்த ஊரும் என்னை இறங்கவிடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அதை அவள் பாடியபடியேதான் பாடினேன், என் பெயரை வைத்து.